ஜாடியைக் கவிழ்த்துப் பாருங்கள்

கேள்வி: புது வீட்டுக் கூடத்துக்குக் கையால் செய்த செராமிக் பூஜாடி ஒன்று வாங்க ஆசை. ஒரே உயரத்தில் 600 ரூபாய்க்கும் இருக்கிறது, 3,500 ரூபாய்க்கும் இருக்கிறது. இரண்டையுமே ஹேண்ட்மேட் என்றுதான் சொல்கிறார்கள். எப்படி நம்புவது? (ஈரோடு வாசகி)

பதில்: கடைக்காரர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே ஜாடியை எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். செராமிக்கில் மேலே பூசும் கிளேஸ் சூளையில் கண்ணாடி மாதிரி உருகும். அடியிலும் பூசினால் ஜாடி சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், பெரும்பாலும் அடி விளிம்பைப் பூசாமல் விட்டுவிடுவார்கள். அந்த வெற்று மண் வளையத்தில்தான் நமக்கு வேண்டிய விவரம் இருக்கிறது.

விரலை நனைத்து அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். சொட்டு உடனே உள்ளே போய், அந்த இடம் கருத்தால் அது குறைந்த சூட்டில் வெந்த மண். சொட்டு அப்படியே நின்றால் ஸ்டோன்வேர் போல நன்றாக இறுகிய மண். ஸ்டோன்வேரை 1,200 முதல் 1,300 டிகிரி செல்சியஸ் வரை சுடுகிறார்கள். கிளேஸ் இல்லாத இடத்திலும் அது தண்ணீரை அவ்வளவாகக் குடிக்காது. பூவுக்குத் தண்ணீர் ஊற்றி வைக்கப் போகிறீர்கள் என்றால் இதைத்தான் வாங்க வேண்டும்.

அப்புறம் உள்ளே கையை விடுங்கள். சக்கரத்தில் இழுத்துச் செய்த ஜாடியில், அடியிலிருந்து சுழன்று ஏறும் மெல்லிய வரிகள் விரலில் தட்டுப்படும். அவை குயவரின் விரல் பட்ட தடம். அச்சில் கூழ்மண் ஊற்றிச் செய்தது என்றால் உள்பக்கம் வழவழப்பாக இருக்கும். வெளியே இரு பக்கமும் மேலிருந்து கீழாக ஒரு கோடு இருக்கும். தேய்த்துப் பூசி மறைத்திருந்தாலும் கட்டைவிரலால் தடவினால் தெரிந்துவிடும். அலமாரியில் இருக்கும் இன்னும் நான்கையும் பாருங்கள். ஐந்தும் நூல் பிசகாமல் ஒரே அளவு என்றால் அது அச்சு வேலையாகத்தான் இருக்கும். அச்சு ஜாடி மட்டமானது என்று நான் சொல்லவில்லை. 600 ரூபாய்க்கு அழகான பொருள் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள். அச்சில் வார்த்ததைச் சக்கரத்தில் செய்ததாகச் சொல்லி, சக்கர ஜாடியின் விலைக்கு விற்பதைத்தான் ஏற்க முடியாது.

3,500 ரூபாய் கேட்பவர் என்ன செய்திருக்கிறார் என்றும் பாருங்கள். மண்ணைப் பிசைந்து காற்றுக் குமிழ் போக்கி, சக்கரத்தில் ஏற்றி, பாதி காய்ந்ததும் அடியைச் செதுக்கி, பல நாள் நிழலில் உலர்த்தி, ஒரு முறை சுட்டு, கிளேஸ் பூசி, மறுபடியும் சுட வேண்டும். இதற்குள் ஜாடி பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கிவிடும். அந்தச் சுருக்கத்திலும் சூட்டிலும் விரிசல் விட்டு வீணாகும் ஜாடிகளின் செலவும் இந்த விலைக்குள்தான் வருகிறது.

ஈரோட்டிலிருந்து ஒரு நடை புதுச்சேரி போய்வர முடிந்தால் போய்விட்டு வாருங்கள். 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற செராமிக் பட்டறையைத் தொடங்கினார்கள். அவர்களிடம் வேலை கற்றவர்கள் பலர். இன்று புதுச்சேரியிலும் ஆரோவில்லிலும் நிறைய ஸ்டோன்வேர் பட்டறைகள் இருக்கின்றன. செய்தவரிடமே, "இதில் தண்ணீர் நிற்குமா? எத்தனை டிகிரியில் சுட்டீர்கள்?" என்று கேட்டு வாங்குவதைவிடப் பெரிய உத்தரவாதம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

கேள்வி: கண்காட்சியில் நீலப் பூவேலை செய்த ஜாடி வாங்கினேன். தண்ணீர் ஊற்றி வைத்த மறுநாளே தேக்கு மேஜையில் வெள்ளை வளையம் விழுந்துவிட்டது. விற்ற பொருளைத் திரும்பப் பெற முடியாது என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார்கள். என் பணம் போனது போனதுதானா? (மதுரை வாசகர்)

பதில்: இதே வளையம் எங்கள் வீட்டு மேஜையிலும் விழுந்திருக்கிறது. என் அம்மா வருடக்கணக்கில் துடைத்துப் பாதுகாத்த மேஜை அது. உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது.

நீங்கள் வாங்கியது ஜெய்ப்பூர் நீல வேலையாக இருக்கலாம். அதில் குயவர்கள் பயன்படுத்தும் வழக்கமான களிமண் கிடையாது. குவார்ட்ஸ் கல்பொடி, கண்ணாடிப் பொடி, முல்தானி மிட்டி, பசை எல்லாம் சேர்த்துப் பிசைந்து, குறைந்த சூட்டில் சுடுவார்கள். நீலம் கோபால்ட்டிலிருந்து வருகிறது, மயில்பச்சை தாமிரத்திலிருந்து வருகிறது. பார்க்கக் கண் நிறைந்துவிடும். ஆனால் உடம்பு இறுகாத பொருள், தண்ணீர் கசியலாம். விற்றவர் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். பில்லில் அப்படி அச்சடித்திருப்பதாலேயே உங்கள் உரிமை போய்விடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் சொன்ன காலத்துக்குள் தர வேண்டும். காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள் தர வேண்டும். ஆனால் ஒன்று. அட்டையிலோ பில்லிலோ 'அலங்காரத்துக்கு மட்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது' என்று எழுதியிருந்தால் உங்கள் பக்கம் பலவீனம். அப்படி எதுவும் இல்லாமல் பூஜாடி என்றே விற்றிருந்தால், தண்ணீர் நிற்காத பூஜாடி குறையுள்ள பொருள் என்று நீங்கள் தைரியமாகக் கேட்கலாம்.

இன்று இரவே ஜாடியில் தண்ணீர் நிரப்பி, செய்தித்தாள் மேல் வையுங்கள். காலையில் தாள் நனைந்திருப்பதைத் தேதி தெரியும்படி படம் எடுத்து, பில்லோடு சேர்த்து விற்றவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் மதுரையிலேயே மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

ஜாடி பிடித்திருக்கிறது, திருப்பித் தர மனமில்லை என்றால், வாய் அகலமாக இருந்தால் உள்ளே ஒரு எவர்சில்வர் டம்ளரை இறக்கி அதில் தண்ணீர் ஊற்றுங்கள். இல்லையென்றால் காய்ந்த நாணல் பூ வையுங்கள், தண்ணீரே வேண்டாம்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய ஜாடி படத்தில் இருந்ததைவிடக் கறுப்பாக வந்திருக்கிறது. மேலே மயிர்க்கோடு மாதிரி கீறலும் தெரிகிறது. திருப்பி அனுப்பலாமா? (கோவை வாசகர்)

பதில்: நிறத்தை மட்டும் வைத்துச் சண்டை போடாதீர்கள். ஒரே சூளையில், ஒரே கிளேஸில், மேல்தட்டில் இருந்த ஜாடியும் கீழ்த்தட்டில் இருந்த ஜாடியும் வேறு வேறு நிறத்தில் வரலாம். கைவேலையின் இயல்பு அது.

கீறல் வேறு விஷயம். வலை பின்னினாற்போல் மேற்பரப்பு முழுக்க மெல்லிய கோடுகள் இருந்தால், விரிசல் விட்டிருப்பது கிளேஸ் மட்டும்தான். சிலர் அழகுக்காக வேண்டுமென்றே அப்படி வரவழைப்பார்கள். விளிம்பிலிருந்து தனியாக ஒரு கோடு இறங்கி, உள்பக்கமும் அதே இடத்தில் தெரிந்தால் ஜாடியே விரிசல் விட்டிருக்கிறது. உள்ளங்கையில் நிறுத்தி விரல் முட்டியால் தட்டுங்கள். நல்ல ஸ்டோன்வேர் 'டிங்' என்று நின்று ஒலிக்கும், விரிசல் விட்டது 'டப்' என்று செத்த ஒலி தரும். டப் என்றால் உடனே திருப்பி அனுப்புங்கள். மின்வணிக விதிகள் 2020-இன்படி, குறையுள்ள பொருளையும், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையும் விற்பனையாளர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். இனிமேல் பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஜாடியில் குடிதண்ணீர் ஊற்றி வைக்கலாமா? எங்கே வைத்தால் எடுப்பாக இருக்கும்? (திருச்சி வாசகி)

பதில்: குடிதண்ணீர் வேண்டாம். சில கிளேஸில் ஈயம் இருக்கும். உணவுக்கு ஏற்றது என்று செய்தவரே உறுதி சொன்னால் மட்டும் பாருங்கள்.

வைக்கும் இடத்துக்கு விதி ஒன்றும் இல்லை. கதவு அடிக்கும் இடமும், குழந்தை கை எட்டும் ஓரமும் வேண்டாம். உயரமான ஜாடி என்றால் அடியில் இரண்டு கை கூழாங்கல் போடுங்கள், காற்றுக்குச் சாயாது. அடி விளிம்பு சொரசொரப்பாக இருக்கும், கீழே துணி வட்டம் ஒட்டினால் மேஜையில் கீறல் விழாது. ஓர் அடி ஜாடிக்குச் சம்பங்கி போதும். மாலைக்குப் போகும் உதிரிப் பூ இல்லை, தண்டோடு வெட்டியதைப் பொக்கே கடையில் கேளுங்கள். ஐந்தாறு தண்டு வைத்தால் சாயங்காலம் கூடம் முழுக்க மணக்கும்.

ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். டெங்கு கொசு முட்டையிடுவது இந்த மாதிரி தேங்கிய நல்ல தண்ணீரில்தான். இரண்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீரைக் கொட்டுங்கள். கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் நீர்மட்டத்தை ஒட்டி உள்சுவரில் பிடித்துக்கொண்டிருக்கும். பாட்டில் கழுவும் பிரஷால் உள்ளே நன்றாகத் தேய்த்துவிட்டு, அப்புறம் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள்.