மஞ்சள் மாத்திரையும் அந்த 2000 சதவீதமும்

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. கொஞ்ச நாளாகச் சாவி வைத்த இடம் மறந்துபோகிறது. கேட்டதையே திரும்பக் கேட்கிறார். மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரை மூளைச் செல்களை ஆக்சிஜனேற்றச் சிதைவிலிருந்து காக்கும், '2000 சதவீதம் கூடுதல் பலன்' என்கிறது விளம்பரம். வாங்கிக் கொடுக்கலாமா? வல்லாரைத் துவையலே போதுமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: அந்த 2000 இட்டுக்கட்டிய எண் இல்லை. அதுதான் வம்பு. 1998-ல் வெளியான பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வு அது. நோயில்லாத சிலருக்கு மஞ்சளிலுள்ள முக்கியச் சத்தான குர்குமினை 2 கிராம் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் ஏறியதாகவே சொல்ல முடியாது. மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்ததும் ரத்தத்தில் சேர்ந்த அளவு 2000 சதவீதம் கூடியது. அவர்கள் அளந்தது ரத்தத்தை மட்டும்தான். ஞாபகத்தை அல்ல. விளம்பரம் எழுதியவர் நடுவில் ஒரு வரியை விழுங்கிவிட்டார்.

மூளைக்கு ஆக்சிஜனேற்றச் சிதைவு, அதாவது ஆக்சிஜன் வினையால் வரும் சேதம், ஒரு கவலை என்பது நிஜம். உடல் எடையில் அது 2 சதவீதம். ஆனால் நாம் இழுக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. அதன் செல் சவ்வுகளில் இருக்கும் கொழுப்போ எளிதில் ஆக்சிஜனேற்றம் ஆகக்கூடியது. கண்ணாடித் தட்டில் வளர்த்த நரம்புச் செல்களில், ஆக்சிஜனேற்றம் செய்யும் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றினால் அவை மடியும். முன்கூட்டியே குர்குமின் சேர்த்திருந்தால் பல பிழைக்கும். மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்திய காலத்தில் இதைச் சொல்லும்போது மாணவர்கள் முகம் மலரும். எனக்கும் பிடித்த பாடம்தான். சுவாரசியம் என்னவென்றால், இந்தத் தாவரப் பொருள்கள் பெரும்பாலும் தாமே போய்ச் சண்டையிடுவதில்லை. தெருநாய் குரைத்து வீட்டாரை எழுப்புகிற மாதிரி செல்லை லேசாகச் சீண்டுகின்றன. உடனே என்ஆர்எஃப்2 என்ற புரதம் விழித்து, குளுட்டாதயோன் போன்ற செல்லின் சொந்தக் காவலைப் பெருக்குகிறது.

ஆனால் தட்டில் குடலும் இல்லை, கல்லீரலும் இல்லை. அம்மாவுக்கு இரண்டும் இருக்கின்றன. கலிஃபோர்னியாவில் அல்சைமர் நோயாளிகளுக்கு தினம் 4 கிராம் வரை குர்குமின் 24 வாரம் கொடுத்த சோதனை 2012-ல் வெளியானது, பலன் தெரியவில்லை. அங்கேயே 2018-ல், மறதி நோய் வராத 40 பேரிடம், எளிதில் உறிஞ்சப்படும் வேறொரு குர்குமின் தயாரிப்பை 18 மாதம் சோதித்ததில், எடுத்தவர்களின் ஞாபகம் சற்றுத் தேறியது. நல்ல செய்திதான், ஆனால் 40 பேர்! ஜிங்கோ என்ற மரத்தின் இலைச் சத்தும் இப்படித்தான் ஆரவாரமாக வந்தது. 3,000-க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் சோதித்தபோது மறதி நோயைத் தடுக்கவில்லை என்று 2008-ல் முடிவானது.

உங்கள் அம்மா விஷயத்தில் நான் வேண்டாம் என்றே சொல்வேன். ஸ்டென்ட் வைத்தவர், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பார். குர்குமினுக்கும் அந்தக் குணம் கொஞ்சம் உண்டு. குர்குமினை உடல் கழித்துவிடாமல் தடுக்கும் பைப்பரின், மற்ற மருந்துகள் கழிவதையும் தடுக்கலாம். அமெரிக்காவில் மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் கெட்ட 10 பேரைப் பற்றி 2022-ல் எழுதினார்கள். ஒருவர் இறந்தே போனார். குழம்பில் போடும் மஞ்சள்தூளுக்கு இந்தப் பயம் வேண்டாம். அதில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான்.

வல்லாரைத் துவையல் தாராளமாக அரையுங்கள். எங்கள் வீட்டிலும் உளுத்தம்பருப்பு, மிளகாய் வறுத்து, இலையை வதக்கி அரைப்போம். புளி வைத்தால் குணம் போய்விடும் என்று என் மாமியார் சண்டைக்கு வருவார், நான் வைப்பேன். எலிகளில் வல்லாரை நம்பிக்கை தருகிறது, மனிதர்களில் சான்று குறைவு. ருசிக்காகச் சாப்பிடுங்கள், வைத்தியமாக நினைத்து மருத்துவரைத் தள்ளிப்போடாதீர்கள்.

மாத்திரைக்கு எடுத்துவைத்த பணத்தில் வைட்டமின் பி12, தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பரிசோதித்துவிடுங்கள். பி12 குறைவாலும் தைராய்டாலும் வரும் மறதி சிகிச்சையில் சரியாகக்கூடியது. காதையும் காட்டுங்கள். கேட்டதையே திரும்பக் கேட்கிறார் என்றீர்களே, முதல் தடவை நீங்கள் சொன்ன பதில் அவருக்குச் சரியாகக் கேட்டதா?