வெயிலில் விளைந்ததா, விளக்கில் விளைந்ததா?

கேள்வி: கீமோ சிகிச்சையில் இருக்கும் அம்மாவுக்குக் குமட்டல் தாங்க முடியவில்லை. எங்கள் நாட்டில் மருத்துவக் கஞ்சாவுக்குச் சட்டப்படி அனுமதி உண்டு. மருத்துவரும் எழுதிக் கொடுத்திருக்கிறார். கடையில் 'அறைக்குள் வளர்த்தது' என்று லேபிள் ஒட்டியதற்கு விலை அதிகம், வெயிலில் விளைந்தது மலிவு. கூடுதலாகக் கொடுப்பதற்குப் பலன் உண்டா?

பதில்: அந்தக் கூடுதல் விலையில் கரண்ட் பில்லுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. மூடிய அறையில் விளக்கு, ஏசி, ஈரத்தை இழுக்கும் கருவி என்று பலதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2021இல் போட்ட கணக்குப்படி, அந்த நாட்டில் அறைக்குள் விளைவித்த ஒரு கிலோ காய்ந்த பூவுக்கு (கஞ்சாச் செடியில் மருந்தாகப் பயன்படுவது பூதான்), ஊரைப் பொறுத்து 2,283 முதல் 5,184 கிலோ வரை கரியமில வாயுவுக்கு இணையான மாசு சேர்கிறது.

அப்படிச் செலவழித்துக் கிடைப்பது கட்டுப்பாடு. இரவு நீண்டால்தான் பூக்கும் செடி இது. அறைக்குள் 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு என்று வைத்து, நினைத்த மாதத்தில் பூக்க வைக்கலாம். மழை, காற்று, தூசி படாததால் பூ இறுக்கமாக, பார்க்க அழகாக இருக்கும். போன தடவை வாங்கியதும் இந்தத் தடவை வாங்குவதும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்க வாய்ப்பு அதிகம். அளவு பார்த்துக் கொடுக்க வேண்டிய நோயாளிக்கு இது உண்மையிலேயே உதவும்.

ஆனால் அழகை வைத்துத் தரத்தை முடிவு செய்யாதீர்கள். நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் 2023இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மரபணு கொண்ட செடிகளை இரண்டு விதமாகவும் வளர்த்து ஒப்பிட்டார்கள். மணம் தரும் டெர்பீன்கள் சில, வெயிலில் வளர்ந்ததில்தான் அதிகம். சிதைந்துபோன சேர்மங்கள் அறைக்குள் வளர்ந்ததில் கூடுதலாக இருந்தன. பார்த்தது இரண்டே ரகம்தான், என்றாலும் 'அறைக்குள் வளர்த்தால் உசத்தி' என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டாம் என்பதற்கு அது போதும்.

உங்கள் அம்மா விஷயத்தில் எனக்குக் கவலை பூஞ்சையைப் பற்றித்தான். கீமோவால் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும்போது, பூவில் ஒட்டியிருக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையைப் புகையோடு இழுத்தால் நுரையீரலில் கடுமையான தொற்று வரலாம். ஈரம் தங்கினால் இது வயலிலும் வரும், அறையிலும் வரும். லேபிளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. அதனால் பூவை விட்டுவிட்டு, வாய்வழி எடுக்கும் எண்ணெயோ காப்ஸ்யூலோ தரலாமா என்று புற்றுநோய் மருத்துவரிடமே கேளுங்கள். அம்மா சாப்பிடும் மற்ற மாத்திரைகளின் பட்டியலையும் காட்டுங்கள்.

எதை வாங்கினாலும் ஆய்வகச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அதிலுள்ள தொகுதி (பேட்ச்) எண்ணும் டப்பாவில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பூஞ்சை, பூச்சிமருந்து, கன உலோகம் மூன்றுக்கும் முடிவு போட்டிருக்க வேண்டும். மண்ணில் காட்மியம், ஈயம் இருந்தால் இந்தச் செடி நன்றாகவே உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், வயலில் விளைந்ததற்கு மூன்றாவதை விடாமல் பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால் வெயிலில் விளைந்ததையே தயங்காமல் வாங்கலாம். சான்றிதழ் தர மறுக்கும் கடையில் எந்த வகையையும் வாங்காதீர்கள்.