அடங்கலில் ஏறாத தேன்

அன்புள்ள ஐயா,

பருவநிலை மாற்றம் காட்டையும் அதை நம்பிப் பிழைப்பவர்களையும் அடிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் பொதிகை இன்றும் பச்சைப்பசேலென்றுதான் நிற்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணல் மூடியது எங்கள் பிசான நெல் நடவை. நஷ்டம் வயலுக்கா, காட்டுக்கா?

வாசகர், சேரன்மகாதேவி

அன்புள்ள நண்பருக்கு,

வயலுக்கு நஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை எழுத உங்களுக்கு ஒரு தாள் இருக்கிறது. அடங்கலில், அதாவது கிராம நிர்வாக அலுவலரின் பயிர்க் கணக்கில், பயிர் ஏறியிருக்கும். நிவாரணம் குறைந்தாலும் பிந்தினாலும் போய்க் கேட்க ஒரு மேஜை உண்டு.

பாபநாசத்தில், பொதிகைக் காட்டுப் பழங்குடியான ஒரு காணிக்காரரிடம் பல வருஷமாகத் தேன் வாங்குகிறேன். பழைய சர்பத் பாட்டில், வாயில் துணிச்சுருள் அடைப்பு. ஒரு சித்திரையில் மூன்றே பாட்டிலோடு வந்து, தன் தப்பு போலத் தலை குனிந்து நின்றார். மரம் பூத்த நேரத்தில் மழை விடவில்லையாம். பூ கொட்டிவிட்டது; வெளியே போக முடியாத ஈக்கள் அடையில் சேர்த்ததையே தின்றுவிட்டன. பிழிந்தால் மெழுகுதான். தேன் எடுக்கும் உரிமையை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. தேன் இல்லாத வருஷத்தை எந்த அடங்கலில் ஏற்றுவது?

ஒரு வருஷத்துத் தேனை வைத்துப் பருவநிலை மாறிவிட்டது என்று தீர்ப்பெழுத மாட்டேன். ஆனால் சூடேறிய காற்று கூடுதல் ஈரத்தைச் சுமக்கும், இறக்கும்போது கொட்டும். நீங்கள் சொல்லும் அதே வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. சோலைக்காட்டுத் தரை சருகும் வேருமாக மழையைக் குடித்து வைத்து, கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். தாமிரபரணி வற்றாமல் வருவதும், உங்கள் கன்னடியன் கால்வாயில் தண்ணீர் ஓடுவதும் பெரிதும் அந்தக் கசிவால்தான். நின்று பெய்யும் மழையைத்தான் அது குடிக்கும். கொட்டுகிற மழை சருகையும் மண்ணையும் வாரிக்கொண்டு உங்கள் வயலுக்கே வந்து சேர்கிறது.

பச்சை என்கிறீர்கள். காட்டுக்குள் புகுந்து பரவும் அந்நியக் களையான உண்ணிச்செடியும் பச்சைதான், மாடியிலிருந்து வித்தியாசம் தெரியாது.

அன்றைக்கு மூன்று பாட்டிலையும் கேட்டேன். இரண்டைத்தான் தந்தார். மூன்றாவது சொரிமுத்தையனாருக்கு நேர்ந்துகொண்டதாம்.