சமூகவியல் எடுத்தால் என்னதான் சொல்லித்தருவார்கள்?

கேள்வி: "நாகர்கோவிலில் பிளஸ் டூ படிக்கிறேன். சமூகவியல் எடுக்க ஆசை. வீட்டில் 'அது என்ன, வரலாறு மாதிரியா? முடிச்சா என்ன சோலி கிடைக்கும்?' என்கிறார்கள். கல்லூரியில் உண்மையில் என்ன படிப்பார்கள்?"

என் வீட்டிலும் இதே கேள்விதான் வந்தது. நான் நாகர்கோவிலில் பிஏ வரலாறு முடித்துவிட்டு, எம்ஏ சமூகவியலுக்குத் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். வடசேரியில் பஸ் ஏறி, ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைத் தாண்டி, திருநெல்வேலியில் இறங்கி, அங்கிருந்து அபிஷேகப்பட்டிக்கு இன்னொரு பஸ். தினமும் போய் வந்துவிடலாம் என்று நினைத்தேன். மூன்றே வாரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டேன்.

பாடத்திட்டத்தைச் சொல்வதென்றால் குடும்பம், உறவுமுறை, சாதி, மதம், கிராமம், நகரம், பெண்கள், உடல்நலம், குற்றம், மக்கள்தொகை, அப்புறம் ஆய்வு முறைகளும் புள்ளியியலும். சமூகவியலுக்கு அடித்தளம் போட்ட மார்க்ஸ், துர்கைம், வெபர் மூவரும் எல்லா செமஸ்டரிலும் ஏதோ ஒரு வாசல் வழியாக வந்துவிடுவார்கள். இப்படிப் பட்டியல் போட்டால் உங்களுக்கு ஒன்றும் பிடிபடாது, எனக்கும் பிடிபடவில்லை. எனக்குப் பிடிபட்டது ஒரு களப்பணியில்.

இரண்டாம் ஆண்டில் பெண்களின் வேலை பற்றி வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பினோம். ஊர் மார்த்தாண்டம் பக்கம். என் ஜோடி சங்கரன்கோவில்காரன். அவன் கேட்பான், பேச்சு புரியாத இடத்தில் நான் சொல்லிக் கொடுப்பேன். சாயங்காலம் படிவங்களை வாங்கிப் பார்த்த பேராசிரியர் நிமிர்ந்து, "ஒரு தெருவில் பதினோரு பெண்கள் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார்களா? அதில் ஏழு பேர் எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லையே?" என்றார். 'தொழில்' என்ற கட்டத்தில் பதினோரு இடத்திலும் 'அலுவலகப் பணி' என்று என் ஜோடி அழகான கையெழுத்தில் எழுதியிருந்தான்.

அவர்கள் சொன்னது "ஆபீஸ்ல சோலி". நம்ம ஊர்க்காரருக்கு விளக்க வேண்டாம். ஆபீஸ் என்றால் அண்டி ஆபீஸ், முந்திரிக்கொட்டை உடைக்கிற தொழிற்சாலை. அவன் வெளியூர்க்காரன், தப்பு செய்துவிட்டான், சரி. ஆனால் அந்தப் படிவங்களை நானும்தான் ஒரு தடவை சரிபார்த்தேன். எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. என் அம்மா இருபது வருடம் போன இடமும் 'ஆபீஸ்'தானே!

மறுநாள் அதே தெருவுக்குப் போய், இதற்கு ஏன் ஆபீஸ் என்று பெயர் என்று ஒரு பாட்டியிடம் கேட்டோம். "கேட்டு உண்டு, வாச்சர் உண்டு, ரெஜிஸ்தர்ல பேரு கூப்பிடுவாவ, பிந்திப் போனா வெளியதான் நிக்கணும். பின்ன அது ஆபீஸ் இல்லாம என்னவாக்கும்?" என்றார். தொழிற்சாலை ஒழுங்கு பற்றி வகுப்பில் ஒரு மாதம் படித்ததை அவர் வெற்றிலையை மடிப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டார். அந்த ஒழுங்குக்கு நடுவே கூலி மட்டும் மாதச் சம்பளம் இல்லை, கொட்டை உடைப்பவர்களுக்குக் கிலோ கணக்கு. இந்த முரண்பாட்டைப் பிடித்துக்கொண்டுதான் என் ஆய்வேட்டையே எழுதினேன்.

மைசூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 1948-இல் தங்கி ஆய்வு செய்த எம்.என்.சீனிவாஸைப் பற்றி நீங்களும் படிப்பீர்கள். 'சமஸ்கிருதமயமாதல்' என்ற சொல்லைக் கொண்டுவந்தவர், அதாவது கீழே வைக்கப்பட்ட சாதிகள் மேல் சாதிகளின் பழக்கவழக்கங்களை எடுத்துக்கொண்டு மேலே ஏறப் பார்ப்பது. புத்தகத்தில் இருக்கிற சமூகம் வேறு, கண்ணெதிரே இருக்கிற சமூகம் வேறு என்று விடாமல் சொன்னவர். 1970-இல் அவருடைய குறிப்புகள் தீயில் போய்விட, நினைவில் இருந்ததை வைத்தே அந்த ஊரைப் பற்றிப் புத்தகம் எழுதினார். என் படிவங்கள் எரிந்திருந்தால் எனக்கு ஞாபகம் இருந்திருக்கப்போவது அந்தப் பாட்டி மட்டும்தான்.

இன்னொரு சம்பவம், இது வீட்டில் நடந்தது. ரேஷன் கடையில் விரல் ரேகை வைக்கும் இயந்திரம் வந்தபிறகு அம்மாவின் ரேகை விழவே இல்லை. அண்டியின் தோட்டில் இருக்கும் எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும். சாம்பலைத் தொட்டுக்கொண்டுதான் உடைப்பார்கள், அப்படியும் விரல் நுனி கருத்து வழுவழுவென்று ஆகிவிடும். அம்மா சோப்புப் போட்டுக் கழுவிப் பார்த்தார், தேங்காய் எண்ணெய் தேய்த்துப் பார்த்தார். "எனக்க கைதான் சரியில்ல மக்களே" என்று என்னிடமே சொன்னார். களப்பணியில் விசாரித்தால் அந்தத் தெருவில் இன்னும் நாலு பேருக்கு இதே கதை. தனி ஆளின் தொல்லை என்று தோன்றுவதைப் பொதுப் பிரச்சினையாகப் பார்க்கத் தெரிவதுதான் சமூகவியல் பார்வை என்று சி. ரைட் மில்ஸ் 1959-இல் எழுதினார். பரீட்சைக்கு அதை ஐந்து மதிப்பெண் கேள்வியாக மனப்பாடம் செய்தேன். புரிந்தது ரேஷன் கடை வரிசையில்.

உறவுமுறைத் தாளைக் கண்டு நிறையப் பேர் பயப்படுவார்கள், நமக்கு அது சொந்தக் கதை. மகளின் கணவனும் மருமகன், ஒரு ஆணுக்குத் தன் சகோதரியின் மகனும் மருமகன். முறைப்பெண்ணைக் கட்டும் வழக்கம் அந்த ஒரு சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கிறது. நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போகும் மருமக்கள்வழி இருந்தது. அதன் அவஸ்தையைத்தான் கவிமணி கிண்டலாகப் பாடிவைத்தார். 1926-இல் திருவிதாங்கூரில் சட்டம் வந்தபிறகு அது மக்கள்வழியாக மாறியது. வகுப்பில் இதைச் சொன்னபோது தூத்துக்குடித் தோழி ஒருத்தி நம்பவே இல்லை.

துர்கைம் தற்கொலையைப் பற்றி 1897-இல் எழுதிய புத்தகமும் உண்டு. தனி ஆளின் முடிவு என்று எல்லோரும் நினைப்பதை, கத்தோலிக்கர் எத்தனை, புராட்டஸ்டன்டுகள் எத்தனை என்று கணக்குப் போட்டு, ஒருவர் தன் சமூகத்தோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறார் என்பதோடு பொருத்திப் பார்த்தவர். "ஆர்சியா, சிஎஸ்ஐயா?" என்ற கேள்வி பெண் பார்க்க வரும் முன்பே வந்துவிடும் ஊரிலிருந்து போனவள் நான். அந்த அத்தியாயத்துக்கு எனக்கு யாரும் உதாரணம் தேடித்தர வேண்டியிருக்கவில்லை.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தப் படிப்பு வீட்டில் சண்டை மூட்டும். 2011 கணக்கெடுப்பில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். படிப்பு ஏறினால் சீதனம் இறங்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நம்ம ஊர்க் கல்யாணப் பேச்சில் நடப்பது உங்களுக்கே தெரியும். மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறான் என்பதைப் பொறுத்துப் பவுன் கணக்கு ஏறுகிறது, பெண்ணும் படித்திருந்தால்கூட இறங்குவதில்லை. மாமா மகள் கல்யாணத்தில் இதை வாய்விட்டுச் சொன்னேன். மாமி இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

இனி வேலை. உடனே நாற்காலி போட்டு உட்காரவைக்கிற படிப்பு இல்லை இது. கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தகுதித் தேர்வு எழுதிப் பாடம் நடத்தப் போகலாம், அதிலேயே ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் ஆராய்ச்சி செய்யலாம். யுபிஎஸ்சி மெயின்ஸில் சமூகவியலை விருப்பப் பாடமாக எடுக்கலாம், இரண்டு தாள், 500 மதிப்பெண். தொண்டு நிறுவனங்களிலும் சந்தை ஆய்வு நிறுவனங்களிலும் ஆள் எடுக்கிறார்கள், அங்கே துர்கைமை யாரும் கேட்கமாட்டார்கள், எக்செல் தெரியுமா, புள்ளிவிவரம் அலசும் எஸ்பிஎஸ்எஸ் மென்பொருள் தெரியுமா என்றுதான் கேட்பார்கள். அதனால் புள்ளியியல் தாளைத் தள்ளிப்போடாதீர்கள். கை-ஸ்கொயர் கணக்கில் நான் ஒரு தடவை அரியர் வைத்தவள், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஆட்களுக்கு நேரடியாக உதவும் வேலை, ஆஸ்பத்திரியிலோ பள்ளியிலோ ஆலோசகர் வேலை என்றால் எம்எஸ்டபிள்யூ பக்கம் போங்கள். அது சமூகப் பணி, படிப்பும் பயிற்சியும் வேறு.

நான் இப்போது ஒரு ஆய்வு நிறுவனத்தில் களத் தரவுகளைச் சரிபார்க்கிறேன். மற்றவர்கள் நிரப்பிக் கொண்டுவரும் படிவங்களில் 'தொழில்' கட்டத்தை மட்டும் இரண்டு தடவை படிப்பேன். போன மாதம் ஊருக்குப் போனபோது, நான் என்ன செய்கிறேன் என்று பக்கத்து வீட்டு அக்கா அம்மாவிடம் விசாரித்தார். "அவளுக்கு ஆபீஸ்ல சோலி" என்று அம்மா பெருமையாகச் சொன்னார்.

அக்காவின் முகம் வாடிவிட்டது. "இவ்வளவு படிக்க வச்சிட்டா? எந்த அண்டி ஆபீஸ்?"