கஞ்சாவும் கட்டிலும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும், மலை ஏறினால் வருகிற குமுளி, வண்டிப்பெரியாறு பக்கமிருந்தும். பழைய வேண்டுகோள்தான், மறுபடியும் சொல்கிறேன்: எத்தனை பீடி, எந்த நேரம், எதோடு கலந்து, எத்தனை வருடமாக. இந்த நான்கும் இல்லாத கடிதத்துக்குப் பதில் எழுதுவது இருட்டில் ஊசி போடுகிற வேலை.

கேள்வி: தோட்ட வேலை முடிந்து வந்து ராத்திரி ஒரு கஞ்சா பீடி. அன்றைக்கு மனைவியோடு சேர்ந்தால் நன்றாகவே இருக்கிறது. கூட்டாளியோ ‘ஆண்மை போய்விடும்’ என்கிறான். எது நிஜம்? (கம்பம், வயது 31)

இரண்டிலும் பாதி நிஜம். கஞ்சாவில் வேலை செய்வது டி.எச்.சி. என்ற பொருள். அளவு குறைவாக இருந்தால் கூச்சமும் பதற்றமும் தளரும், தொடுகை கூடுதலாக உறைக்கும், நேரம் நீளுகிற மாதிரி தோன்றும். நீங்கள் ‘நன்றாக இருக்கிறது’ என்பது இதைத்தான். அதே ஆள் மூன்று பீடி இழுத்தால் வாய் வறண்டு, நெஞ்சு படபடத்து, மனம் எங்கேயோ போய், பாதியில் விறைப்பு தளர்ந்துவிடும். எந்த அளவில் நன்மை தீமையாகத் திரும்பும் என்று யாரும் சொல்ல முடியாது, பொட்டலத்தில் எவ்வளவு டி.எச்.சி. என்று எழுதியா விற்கிறார்கள்? மாதங்கள் போகப் போக உடம்பு பழகி, ஒரு பீடி மூன்று பீடியாக மாறுவதும் வழக்கம்.

2017-இல் அமெரிக்காவில் 50 ஆயிரம் பேரின் தகவலைப் பார்த்து, தினமும் கஞ்சா எடுப்பவர்கள் எடுக்காதவர்களைவிட ஏறக்குறைய 20 சதவீதம் அதிகமாக உறவு கொள்கிறார்கள் என்று ஒரு ஆய்வு வந்தது. வாட்ஸப்பில் சுற்றுவது அதுதான். அதில் எண்ணியது எத்தனை தடவை என்பதை மட்டும். கஞ்சாவால்தான் கூடியது என்று அது நிரூபிக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் 8 ஆயிரத்துச் சொச்சம் பேரிடம் கேட்டபோது, தினமும் புகைக்கும் ஆண்களிடம் உச்சம் வராமல் போவதும், நினைத்ததற்கு முன்பே வந்துவிடுவதும் இரண்டுமே அதிகமாக இருந்தன. அந்தச் செய்தி சுற்றுவதில்லை.

நீங்களே பார்த்துவிடலாம். நான்கு வாரம் விட்டுவிடுங்கள். முதல் இரண்டு வாரத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். அதற்குப் பிறகும் பீடி இல்லாமல் ஆசையே எழவில்லை என்றால், இப்போது ஆசையைக் கிளப்புவது மனைவி இல்லை, பீடி.

கேள்வி: போட்டுவிட்டுப் போனால் அரை மணி நேரம் தாங்குகிறது. சும்மா போனால் இரண்டு நிமிடம்தான். விடவா, தொடரவா? (உத்தமபாளையம்)

கடிகாரத்தைப் பார்த்தீர்களா? கஞ்சாவில் முதலில் கெடுவது நேரக் கணக்குதான். உங்கள் அரை மணியை மனைவியிடம் கேட்டால் ஐந்து நிமிடம் என்பார். விந்து முந்துதலுக்கு நிறுத்தி நிறுத்தித் தொடரும் பயிற்சியும், மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைகளும் இருக்கின்றன. தொடர வேண்டாம்.

கேள்வி: டாக்டர், எனக்கு வீக்காக இருக்கிறது. நல்ல மாத்திரை சொல்லவும். (ஊர், வயது இல்லை)

எது வீக்? ஆசையா, விறைப்பா, நேரமா? சர்க்கரை உண்டா? காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா? இருந்தால் ரத்தக் குழாயும் நரம்பும் பெரும்பாலும் சரி, பதற்றத்தைத்தான் பார்க்க வேண்டும். பல வாரமாக இல்லை என்றால் ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, காலை 8 முதல் 10 மணிக்குள் எடுத்த டெஸ்டோஸ்டிரோன் எல்லாம் வேண்டும். புகையிலையையும் கணக்கில் சேருங்கள். கஞ்சாவைப் பெரும்பாலும் தனியாக இழுப்பதில்லை, பீடித் தூளோடு கலந்துதான். ஆணுறுப்புக்குப் போகிற மெல்லிய ரத்தக் குழாய்களைக் கெடுப்பதில் புகையிலைமேல் உள்ள குற்றச்சாட்டு கஞ்சாவைவிட உறுதியானது. இதையெல்லாம் எழுதி மறுபடி அனுப்புங்கள்.

கேள்வி: மலையோரக் கடை ஒன்றில் ‘வீரிய லேகியம்’ வாங்கினேன். நெல்லிக்காய் அளவு என்றார்கள். ஒரு மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை, இன்னொரு உருண்டை போட்டேன். நடுராத்திரி நெஞ்சு அடித்துக்கொண்டு, செத்துவிடுவேன் என்று அலறிவிட்டேன். இயற்கை மருந்துதானே, ஏன் இப்படி? (போடி, வயது 44, சர்க்கரை உண்டு)

‘இயற்கை மருந்துதானே’ என்று எழுதுகிறவர்களுக்கு எட்டிக்கொட்டையும் இயற்கைதான் என்று எத்தனை முறை சொல்வது?

முதலில் நடந்தது என்ன என்பது. அறிகுறியைப் பார்த்தால் அதில் கஞ்சா இருந்திருக்கிறது. புகைத்தால் சில நிமிடத்தில் ஏறி இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கும். விழுங்கினால் அப்படியில்லை. தெரியவே அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும், ஆறு எட்டு மணி நேரம் நிற்கும். கல்லீரல் அதை இன்னும் வீரியமான பொருளாக மாற்றி மூளைக்கு அனுப்புகிறது. டி.எச்.சி. கொழுப்பில் கரைவது, லேகியத்தில் நெய் வேறு. முதல் உருண்டை வந்து சேரும் முன்பே இரண்டாவதைப் போட்டால் இரண்டும் சேர்ந்து நடுராத்திரியில் வரும்.

அந்த மாதிரி ராத்திரியில் விளக்கைத் தணித்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக. மோர், எலுமிச்சை எதுவும் போதையை இறக்காது. மதுவோ தூக்க மாத்திரையோ கொடுக்கவே கூடாது. நெஞ்சு வலி, மயக்கம், நிற்காத வாந்தி, ஆள் அடையாளம் தெரியாத உளறல் இருந்தால் 108. போனதும் என்ன சாப்பிட்டார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

இனி என் பழைய வழக்கு. சித்த, ஆயுர்வேத நூல்களில் கஞ்சா சேரும் லேகியங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மருந்துச் சட்ட விதிகளில் அது நச்சுப் பொருள் பட்டியலில் இருக்கிறது. சேர்த்துச் செய்தால் மருத்துவர் மேற்பார்வையில் மட்டும் உட்கொள்ளும்படி எச்சரிக்கை அச்சிட வேண்டும். உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, சேர்மானம் எல்லாம் மேலே இருக்க வேண்டும். லேபிள் இல்லாத பிளாஸ்டிக் டப்பாவில் கரண்டியால் வழித்துக் கொடுப்பது சித்த மருத்துவம் இல்லை. பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் அந்த டப்பாவைக் காட்டுங்கள், என்னைவிட அதிகமாக அவர் திட்டுவார்.

கஞ்சாவோடு நின்றாலாவது பரவாயில்லை. ‘மூலிகை’ என்று விற்கும் ஆண்மைப் பொருட்களில் சில்டெனாஃபில், அதாவது வயாகரா மருந்து, ஒளிந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ‘ஒரே ராத்திரியில் பலன்’ தரும் மூலிகையை நம்பாததற்கு அதுவே காரணம். இதய வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் இதைத் தெரியாமல் தின்றால் ரத்த அழுத்தம் அப்படியே சரிந்துவிடும். கஞ்சா அதே நேரத்தில் இதயத் துடிப்பை ஏற்றும். 44 வயது, சர்க்கரை, தெரியாத சேர்மானம்: நீங்கள் தப்பித்தீர்கள், அவ்வளவுதான்.

உடலுறவுத் திறனைக் கூட்டுவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். எழுபது வருடத்துக்கு மேலாகிறது. இன்றைக்கும் பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு லாட்ஜ் பெயரும் அறை எண்ணும் போட்டு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, ஊர் பேர் தெரியாதவனிடம் சில ஆயிரங்களைக் கொடுக்கிறோம். மீதி லேகியத்தைக் கொட்டிவிடுங்கள், சர்க்கரை டாக்டரிடம் விறைப்பைப் பற்றியும் சொல்லுங்கள். சர்க்கரைக்காரர்களுக்கு அது வழக்கமான பிரச்சினை, முறையான மருந்தும் இருக்கிறது.

கேள்வி: இடுக்கி மலையில் விளைந்தது சுத்தம், ஒன்றும் செய்யாது என்கிறார்களே? (கூடலூர்)

எல்லாப் பொட்டலமும் விற்கும்போது ‘இடுக்கி கோல்டு’தான். எங்கே விளைந்தாலும் டி.எச்.சி. ஒன்றே.

கேள்வி: கணவர் தினமும் புகைப்பவர். என்னையும் இழுக்கச் சொல்வார், மறுத்தேன். போன வாரம் பாலில் எதையோ கலந்து கொடுத்துவிட்டார். அன்று நடந்தது பாதி நினைவில்லை. ‘உனக்கும் சந்தோஷமாகத்தானே இருந்தது’ என்கிறார். (பெயர் வேண்டாம், வண்டிப்பெரியாறு)

அம்மா, இது தாம்பத்தியப் பிரச்சினை இல்லை, குற்றம். குற்றம் செய்யும் நோக்கத்தோடு ஒருவருக்குத் தெரியாமல் போதைப் பொருள் கொடுப்பதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 123-ஆம் பிரிவில் 10 ஆண்டு வரை தண்டனை உண்டு. மயக்கத்தில் இருந்தவர் சம்மதித்தார் என்று சொல்ல முடியாது. மறுபடி நடந்தால் தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சிறுநீர்ப் பரிசோதனை கேளுங்கள், எப்போதாவது எடுத்தவருக்கு சுமார் மூன்று நாள் வரையில்தான் தெரியும். டம்ளரைக் கழுவ வேண்டாம். மாதவிடாய் தள்ளியிருந்தால் கர்ப்பப் பரிசோதனையும் செய்யுங்கள், டி.எச்.சி. குழந்தைக்கும் போகும். பெண்கள் உதவி எண் 181, இரவிலும் எடுப்பார்கள்.

கேள்வி: கல்யாணமாகி இரண்டு வருடம், குழந்தை இல்லை. விந்தணு 9 மில்லியன். தினமும் இரண்டு பீடி கஞ்சா, அதுபோக சிகரெட். (செங்கோட்டை, வயது 29)

அளவு எழுதியதற்கு நன்றி தம்பி. மில்லி லிட்டருக்கு 16 மில்லியன் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய கீழ்வரம்பு. டென்மார்க்கில் 1,200 இளைஞர்களைப் பார்த்த ஆய்வில், வாரம் ஒருமுறைக்கு மேல் கஞ்சா எடுத்தவர்களுக்கு எண்ணிக்கை 28, 29 சதவீதம் குறைந்திருந்தது. ஒரு விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகும். அதனால் இரண்டையும் முழுதாக நிறுத்தி மூன்று மாதம் கழித்து விந்தணுப் பரிசோதனையை மறுபடி எடுங்கள். பத்து நாள் நிறுத்திவிட்டுப் போய் ‘கூடவில்லை’ என்று எழுதாதீர்கள். பரிசோதனைக்கு முன் விந்து வெளியேறாமல் குறைந்தது இரண்டு நாள், அதிகம் ஏழு நாள் இடைவெளி. விந்தை வீட்டில் எடுத்தால் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் லேபில் கொடுக்க வேண்டும். அந்த மூன்று மாதத்தில் கடும் காய்ச்சல் வந்தால் அதுவும் எண்ணிக்கையைக் குறைக்கும். மனைவியின் பரிசோதனையை இதற்காகத் தள்ளிப் போடாதீர்கள்.

கேள்வி: நிறுத்தி ஆறு நாள். தூக்கம் இல்லை, எரிச்சல், ஆசையும் இல்லை. நிறுத்தியது தப்போ? (கம்பம்மெட்டு)

உச்சம் இதுதான், முதல் வாரம். இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். கெட்ட கனவு மட்டும் இன்னும் கொஞ்சம் நீளலாம். அதுவரை கட்டிலில் பரீட்சை வைக்காதீர்கள். அந்த இடத்தில் சிகரெட்டை ஏற்றிவிடாதீர்கள், புகையிலையும் கணக்கு.

கேள்வி: கஞ்சா போட்டால் வறட்சி என்று தேங்காய் எண்ணெய் தடவுகிறோம். ஆணுறை கிழிகிறது. (பாலக்காடு)

எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் இளகிவிடும். தண்ணீரில் கரையும் ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும். போதையில் ஆணுறை மாட்டுவதும் பிசகும், அதையும் கவனியுங்கள்.

கேள்வி: சிகிச்சைக்குப் போனால் போலீஸுக்குச் சொல்லிவிடுவார்களா? (தேனி)

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 உங்கள் தகவலைக் காக்கச் சொல்கிறது. சிறிய அளவு வைத்திருந்ததற்கோ புகைத்ததற்கோ வழக்கு இருந்தாலும், தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சை எடுப்பவருக்கு போதைப் பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு விலக்கு தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டால் அந்த விலக்கு ரத்தாகிவிடலாம். போதை மீட்பு உதவிக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, இரண்டும் கட்டணமில்லை. தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. சீட்டு போடும் இடத்தில் ‘தூக்கம் இல்லை’ என்று சொன்னால் போதும், மீதியை உள்ளே டாக்டரிடம் சொல்லிக்கொள்ளலாம்.