செத்ததா, நித்திரையா?

வணக்கம் ஐயா,

போன ஞாயிறு என் பிள்ளைகள் இரண்டு பேரையும் (மகனுக்கு ஏழு, மகளுக்கு நாலு) கொழும்பு இயற்கை வரலாற்று நூதனசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெரியவன் இருபது நிமிடத்தில் ஓடி ஓடி எல்லாம் பார்த்து முடித்துவிட்டான். சின்னவள் சிறுத்தையைக் காட்டி, "இது செத்ததா, நித்திரையா?" என்று கேட்டாள். நித்திரை என்று சொல்லிவிட்டேன். அன்றிரவு, "நான் நித்திரையானா என்னையும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைப்பினமா?" என்று ஒரே அழுகை. இவ்வளவு சின்ன வயதில் கொண்டுபோனது பிழையா?

ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரிக்கு,

கொண்டுபோனதில் ஒரு பிழையும் இல்லை. நித்திரை என்று சொன்னதுதான் பிழை, அதுவும் படுக்கப் போகிற பிள்ளையிடம்! கோபிக்காதீர்கள், நானும் இதே பொய்யைச் சொல்லி மாட்டிக்கொண்டவன்தான்.

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. இரண்டாம் முறை போனபோது உள்ளதைச் சொன்னேன். ஓம், செத்ததுதான். உள்ளுக்குள் இறைச்சி இல்லை, தோலை மட்டும் கழற்றிப் பதப்படுத்தி, மிருகத்தின் வடிவில் செய்த ஒரு உருவத்துக்கு மேல் சட்டை போடுகிற மாதிரிப் போட்டுத் தைத்துவிடுவார்கள், கண் கண்ணாடியில் செய்தது, மனிதரை இப்படிச் செய்கிறதில்லை, அவ்வளவுதான். அழுவாள் என்று பயந்துகொண்டு நின்றேன். அவளோ தரையில் குந்தி, கண்ணாடியில் மூக்கை அழுத்தி, வயிற்றுப் பக்கம் தையல் எங்கே என்று தேடத் தொடங்கிவிட்டாள். மூச்சுப்பட்டுக் கண்ணாடி புகைய, சட்டைக் கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். அன்று நாங்கள் வேறு ஒன்றுமே பார்க்கவில்லை.

அதனால் இருபது நிமிடக் கவலையை விடுங்கள். எல்லாவற்றையும் பார்த்தே ஆகவேண்டும் என்பது நம்முடைய நோய் (டிக்கெட் எடுத்தாயிற்றே!). நான் பள்ளிக்கூடத்தோடு போனது இப்போதைய கட்டடம் 1986இல் திறப்பதற்கு முன். எல்லாம் 1877இல் தொடங்கிய அந்தப் பழைய வெள்ளை நூதனசாலைக்குள்தான் இருந்தன. ஆசிரியர் எங்களை வரிசையில் நிறுத்திக் கொப்பியில் பெயர்களை எழுதவைத்தார். எழுதின பெயர் ஒன்றுகூட நினைவில் இல்லை. நினைவில் இருப்பது வரிசையை விட்டு விலகி அண்ணாந்து பார்த்த திமிங்கில எலும்புக்கூடு. 1894இல் அம்பலாங்கொடையில் கரையொதுங்கிய நீலத் திமிங்கிலம் அது. அதன் துடுப்புக்குள்ளே முழங்கை, மணிக்கட்டு, விரல்கள் எல்லாம் இருந்தன. மீன் என்று நினைத்திருந்த ஒன்றுக்குக் கை! விரல் நாலுதான், அதை எத்தனை தரம் எண்ணியிருப்பேன் என்று தெரியாது. அப்புறம் அடி வாங்கியதும் நினைவிருக்கிறது.

உங்கள் மகனைப் போல ஓடுகிற பிள்ளைகளுக்குக் கதை வேண்டும். "இலங்கையில் சிங்கம் இருந்ததா?" என்று கேட்டுவிடுங்கள். கொடியில் இருக்கிறதே என்பான். இருந்தது என்று சொல்ல நம்மிடம் உள்ள சாட்சி இரண்டே இரண்டு பற்கள். இரத்தினபுரிப் பக்கம் குருவிட்டையில் கிடைத்தவை. நூதனசாலைப் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல 1939இல் அவற்றை வைத்துத்தான் இங்கே வாழ்ந்து அழிந்த சிங்கத்துக்கு ஒரு பெயர் கொடுத்தார். அந்தப் பக்கத்து மாணிக்கக் குழிகளில் நீர்யானை எலும்பும் காண்டாமிருக எலும்பும்கூடக் கிடைத்திருக்கின்றன. என்னைக் கேட்டால் டைனோசரை விட இது நல்ல கதை, ஏனென்றால் பஸ் ஏறிப் போகக்கூடிய ஊரில் நடந்தது.

மற்றபடி, சாப்பிட்டுவிட்டுப் போங்கள், மழை நாளில் போகாதீர்கள், மழைக்கு ஒதுங்குகிற மற்றவர்களும் அங்கேதான் வருவார்கள். திரும்பி வரும்போது வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் கபரகொய்யா (தண்ணீர் உடும்பு) ஒன்று நீந்திப் போகும். சின்னவளுக்கு உயிருள்ளது எது, இல்லாதது எது என்பதை நீங்கள் விளக்கத் தேவையே இருக்காது, அது நாக்கை நீட்டிக் காட்டிவிடும்.

அப்புறம் அந்தத் தையல். அடுத்த முறை உங்கள் மகளையும் தேடச் சொல்லுங்கள், கிடைத்தால் எழுதுங்கள். என் மகள் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை, அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் இருக்கிறது.