ஹார்ட் ஸ்கேனுக்குக் கையில் எவ்வளவு எடுத்து வைக்கணும்? – கேள்வி பதில்

கோவையில் தனியார் மருத்துவமனைகளின் பில் கவுன்ட்டரிலும் காப்பீட்டு டெஸ்க்கிலும் நெடுங்காலம் உட்கார்ந்தவள் நான். டாக்டர் இல்லை. எந்த ஸ்கேன் வேண்டும் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்லணும். அதற்கு எவ்வளவு ஆகும், எந்த இடத்தில் ஏறும், எங்கே குறைக்கலாம் என்பதை மட்டும் என்னிடம் கேளுங்கள். கீழே வரும் தொகைகள் கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கம் தனியாரில் வாங்கும் தோராயக் கணக்கு. இடத்துக்கு இடம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

பல்லடம், விசைத்தறி வைத்திருப்பவர்: அக்கா, எங்க அப்பாவுக்கு ஹார்ட் ஸ்கேன் எடுக்கச் சொல்லிட்டாங்க. ஒரு சென்டர்ல 1,500ங்கறாங்க, இன்னொரு இடத்துல 12,000ங்கறாங்க. யார் சொல்றது நிஜம்?

இரண்டு பேர் சொல்வதும் நிஜமாக இருக்கலாம். போனில் "ஹார்ட் ஸ்கேன் எவ்வளவுங்க" என்று கேட்பது, "வண்டி என்ன விலைங்க" என்று கேட்பது போலத்தான். மொபெட்டா, லாரியா என்று சொல்லாமல் விலை எப்படிச் சொல்வார்கள்?

சீட்டை எடுத்துப் பாருங்கள். எக்கோ என்று இருந்தால், நெஞ்சில் ஜெல் தடவி ஒலி அலையில் பார்ப்பது. வயிற்று ஸ்கேன் மாதிரிதான். கதிர்வீச்சு கிடையாது, அரை மணிக்குள் முடிந்துவிடும். 1,200 முதல் 2,500 வரை. வால்வு எப்படி இருக்கிறது, இதயம் எவ்வளவு வலுவாகச் சுருங்குகிறது என்பது இதில் தெரியும். ரத்தக்குழாய் அடைப்பை இது நேரடியாகக் காட்டாது. எக்கோ நார்மல் என்றதும் அடைப்பே இல்லை என்று நினைத்துக்கொள்கிறவர்களைக் கவுன்ட்டரில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சி.டி. ஆஞ்சியோ என்று இருந்தால், கையில் ஊசி வழியாக மருந்து ஏற்றி, இதயத்தின் ரத்தக்குழாய்களைப் படம் எடுப்பது. 8,000 முதல் 15,000 வரை. கால்சியம் ஸ்கோர் மட்டும் என்றால், இதய ரத்தக்குழாயில் கால்சியம் எவ்வளவு படிந்திருக்கிறது என்று சி.டி.யில் அளப்பது, ஊசி மருந்து கிடையாது, 2,000 முதல் 5,000. தாலியம் ஸ்கேன் (இதயத் தசைக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று பார்ப்பது), இதய எம்.ஆர்.ஐ. இரண்டும் பெரிய செலவு. 10,000க்கு மேல் தொடங்கி 20,000 வரை போகும், எல்லா ஊரிலும் கிடைக்காது. டி.எம்.டி. என்று எழுதியிருந்தால் அது ஸ்கேனே இல்லை, டிரெட்மில்லில் நடக்கவிட்டு இ.சி.ஜி. எடுப்பது, 1,000 முதல் 2,000.

உங்கள் அப்பாவுக்கு 1,500 சொன்னவர் எக்கோவை நினைத்திருப்பார், 12,000 சொன்னவர் சி.டி.யை. சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு அப்புறம் விலை கேளுங்கள்.

கோபி, ஆசிரியை: சி.டி. ஆஞ்சியோவுக்கு 9,000 என்று சொன்னார்கள். என் தோழியும் அதே இடத்தில்தான் எடுத்தாள், வெளியே வரும்போது 13,000 ஆகிவிட்டது என்கிறாள். நடுவில் என்னதான் சேர்க்கிறார்கள்?

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை. ஏற்றுகிற மருந்தைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும், அதனால் அது சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் உள்ளே விட மாட்டார்கள். 200, 300 ரூபாய். சமீபத்தில் எடுத்த ரிப்போர்ட் வைத்திருந்தால் கையோடு கொண்டு போங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அடுத்தது அந்த மருந்து. சில இடங்களில் 9,000க்குள்ளேயே அடக்கம். சில இடங்களில் "பார்மசியில் வாங்கிட்டு வாங்க" என்று தனிச்சீட்டு தருவார்கள். அங்கே ஆயிரம் இரண்டாயிரம் போய்விடும். வென்ஃப்ளான் (கையில் குத்தி வைக்கும் ஊசிக் குழாய்), சிரிஞ்சு, டியூப் எல்லாம் அதே சீட்டிலேயே வரும்.

பிறகு நாடித்துடிப்பு. இதயம் வேகமாக அடித்தால் படம் கலங்கிவிடும். நிமிடத்துக்கு 60, 65க்குக் கீழே வந்தால்தான் மெஷினில் ஏற்றுவார்கள். நீங்கள் பயந்துகொண்டே போய் உட்காருவீர்கள், 88 காட்டும். ஒரு மாத்திரை கொடுத்துக் காத்திருக்கச் சொல்வார்கள். மாத்திரை சில ரூபாய்தான். ஆனால் காத்திருக்கிற அந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு "டே கேர் படுக்கை" என்று ஒரு வரி பில்லில் ஏறுகிற இடங்கள் உண்டு. கடைசியில் ரிப்போர்ட்டைப் பார்க்க இதய டாக்டர் ஃபீஸ் தனி. ஃபிலிம் கேட்டால் அதற்கும் தனி.

ஆக, "ஸ்கேன் எவ்வளவு" என்று கேட்காதீர்கள். "ஊசி மருந்து, ரத்த டெஸ்ட், படுக்கை, ரிப்போர்ட் எல்லாம் சேர்த்து வெளியே வரும்போது மொத்தம் எவ்வளவுங்க ஆகும்? ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். எழுதித் தரத் தயங்கும் இடத்துக்கு நானாக இருந்தால் போக மாட்டேன். ஸ்கேன் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பில்லில் அப்படி ஒரு வரி இருந்தால் ஏன் என்று கேட்கலாம்.

எடுக்கப் போகிற அன்று காபி, டீ வேண்டாம், துடிப்பைக் கூட்டும். ஆண்களுக்கு இன்னொன்று: வயாக்ரா வகை மாத்திரை எடுத்திருந்தால் கூச்சப்படாமல் டெக்னீஷியனிடம் சொல்லிவிடுங்கள். ஸ்கேனுக்கு முன் நாக்கடியில் வைக்கும், ரத்தக்குழாயை விரிக்கிற நைட்ரோகிளிசரின் மருந்து அதோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் படாரென்று இறங்கிவிடும்.

கரூர், கொசுவலை கம்பெனி: எனக்குச் சர்க்கரை பதினைந்து வருஷமா இருக்கு. கிரியேட்டினின் 1.9. சி.டி. எடுக்கலாமுங்களா?

இது விலைக் கேள்வி இல்லை. இந்த எண்ணை இதய டாக்டரிடமும் சிறுநீரக டாக்டரிடமும் காட்டாமல் எங்கேயும் பணம் கட்டாதீர்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள்.

பவானி: "சி.டி. எதுக்குங்க, நேரா ஆஞ்சியோவே செஞ்சுக்கலாம்"னு ஒரு டாக்டர் சொல்றார். "சி.டி. போதும்"னு இன்னொருத்தர். பணம் பறிக்கப் பார்க்கிறாங்களோன்னு சந்தேகமா இருக்கு.

சந்தேகப்பட வேண்டியதில்லை, இரண்டும் வேறு வேறு நிலைமைக்கு. அடைப்பு இருக்க வாய்ப்பு குறைவு, ஆனாலும் உறுதி செய்துகொள்ளணும் என்றால் சி.டி. நல்லது, ஊசியோடு முடிந்துவிடும். நடந்தால் வலி, டி.எம்.டி.யும் பாசிட்டிவ், சர்க்கரையும் புகையும் சேர்ந்திருக்கிறது என்றால், சி.டி.யில் அடைப்பு தெரிந்ததும் எப்படியும் கையிலோ தொடையிலோ குழாய் விட்டுச் செய்கிற ஆஞ்சியோவுக்குத்தான் போகணும். அது 12,000 முதல் 25,000 வரை. அப்போது சி.டி.க்குக் கொடுத்தது வீண். வயதானவர்களுக்கு ரத்தக்குழாயில் கால்சியம் நிறையப் படிந்திருந்தால் சி.டி. படமே தெளிவாக வராது.

டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி போதும்: "இதுல அடைப்பு தெரிஞ்சா அடுத்து என்ன செய்வீங்க, தெரியலைன்னா என்ன செய்வீங்க?" இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் அந்த ஸ்கேன் உங்களுக்குத் தேவைதானா என்று அங்கேயே பேசிக்கொள்ளலாம்.

திருப்பூர், பனியன் கம்பெனி: சம்பளம் 16,000. இ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்க. ஆனா அங்க போனா ஒரு நாள் போயிடும்னு தனியார்ல எக்கோ எடுத்துட்டேன். பணம் திரும்பக் கிடைக்குமா அக்கா?

அவசரம் இல்லாமல் நீங்களாகப் போய் எடுத்ததற்குத் திரும்ப வாங்குவது கஷ்டம். அடுத்த தடவையாவது விடாதீர்கள். இ.எஸ்.ஐ. என்பது தொழிலாளர் காப்பீடு: 16,000க்கு 0.75 சதவீதம், அதாவது மாதம் 120 ரூபாய் உங்களிடம் பிடிக்கிறார்கள். கம்பெனி 3.25 சதவீதம், 520 கட்டுகிறது. மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு இது உண்டு. நீங்கள் முன்பணமாகக் கட்டிவிட்ட வைத்தியம் அது.

உங்கள் டிஸ்பென்சரியில் காட்டி, அங்கிருந்து ரெஃபரல் சீட்டு வாங்கிக்கொண்டு போகணும். கோவை சிங்காநல்லூரில் இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே இருக்கிறது. அங்கே இல்லாத பரிசோதனைக்கு ஒப்பந்தம் போட்ட தனியார் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள், அங்கே நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. வரிசையில் நிற்கணும்தான். ஒரு நாள் கூலியையும் ஆஞ்சியோ பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டுக்காரம்மா, பிள்ளைகள், உங்களை நம்பி இருக்கிற அப்பா அம்மாவுக்கும் இது செல்லும்.

தாராபுரம்: அம்மாவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கு. ஸ்கேன் சென்டர்ல காட்டினா "இதெல்லாம் இங்க எடுக்காது"ன்னுட்டாங்க.

அவர்கள் சொன்னது சரிதான். அட்டையைக் காட்டியதும் எந்த சென்டரிலும் இலவசம் என்பது இல்லை. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையாக இருக்கணும், பரிசோதனை பட்டியலில் இருக்கணும், முன் அனுமதி வாங்கணும். அந்த மருத்துவமனைகளில் திட்டத்துக்கென்று தனி மேசை இருக்கும், நேராக அங்கே போங்கள். கிளம்புவதற்கு முன் 1800 425 3993க்குப் போன் போட்டு, எந்த மருத்துவமனை என்று கேட்டுக்கொண்டால் அலைச்சல் மிச்சம். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருந்தால் அட்டை வாங்கலாம், வருமானச் சான்றோடு கலெக்டர் ஆபீஸ் மையத்துக்குப் போகணும்.

எக்கோ மட்டும்தான் என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே கூட்டிப் போகலாம். திருப்பூர், நாமக்கல் இரண்டிலும் 2022ல் கல்லூரி வந்துவிட்டது. கோவை, பெருந்துறை, கரூர், சேலம் முன்பே இருக்கின்றன. எக்கோவுக்குத் தேதி போட்டுக் கொடுப்பார்கள், அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள்.

ஈரோடு, மஞ்சள் மண்டி: வருஷா வருஷம் மெடிக்ளெய்ம் கட்டறேன். சி.டி. ஆஞ்சியோ பில் போட்டா "ரிஜெக்ட்". எதுக்குங்க கட்டறது?

கோபம் நியாயம்தான், ஆனால் பாலிசியில் அப்படித்தான் எழுதியிருக்கும். பரிசோதனைக்காக மட்டும் படுக்கையில் சேர்ந்தால் கிடையாது என்று எல்லாக் கம்பெனி பாலிசியிலும் ஒரு விலக்கு உண்டு. "ஒரு நாள் அட்மிட் ஆயிட்டா க்ளெய்ம் ஆயிரும்" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், அந்த விலக்கு அதற்காகவே போட்டது.

ஆனால் அந்த பில்லைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். ஸ்கேனில் அடைப்பு தெரிந்து, அதே நோய்க்குச் சில வாரத்தில் அட்மிட் ஆனால், சேர்வதற்கு முந்தைய 30 அல்லது 60 நாள் செலவையும் சேர்த்துக் கேட்கலாம். எத்தனை நாள் என்பது பாலிசியில் இருக்கும். டாக்டர் சீட்டு, அசல் பில், ரிப்போர்ட் மூன்றும் வேண்டும். பழைய வரி முறையில் இருப்பவர்கள் முன்தடுப்புப் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை வருமான வரியில் மருத்துவக் காப்பீட்டுக் கழிவில் காட்டலாம், ரொக்கமாகக் கட்டியிருந்தாலும் பரவாயில்லை.

நாமக்கல், லாரி டிரைவர்: லோடு கட்டும்போது நெஞ்சு இறுக்கிப் பிடிக்குது, இடது கை வரைக்கும் இழுக்குது. ரெண்டு நாளா சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வருது. ஹைதராபாத் லோடு இறக்கிட்டு வந்து ஸ்கேன் எடுக்கலாம்னு இருக்கேன். எவ்வளவு ஆகும்?

அண்ணா, லோடு ஏற்றாதீர்கள். ஸ்டீயரிங்கில் உட்காரவே வேண்டாம். சும்மா இருக்கும்போதும் வலி வருகிறது என்றால் ஸ்கேனுக்கு விலை விசாரிக்கிற கட்டம் தாண்டிவிட்டது. இதைப் படித்ததும் 108க்குப் போன் போடுங்கள், இல்லை யாரையாவது கூட்டிக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு இப்போதே போங்கள். முதலில் எடுப்பது இ.சி.ஜி., அதற்கு அங்கே காசு இல்லை. தேவைப்பட்டால், இதயத் தசை பாதித்திருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை. பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம்தான் இருக்கிறது என்றாலும் போங்கள். 'இதயம் காப்போம்' என்ற திட்டத்தில் 2023 முதல் மாரடைப்பு சந்தேகம் என்றால் முதல் மாத்திரைகளை அங்கேயே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். ஓனரிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

பொள்ளாச்சி, தென்னந்தோப்பு: வயசு 45. ஒரு தொந்தரவும் இல்லீங்க. "முழு இதயப் பரிசோதனை 4,999"னு ஃப்ளெக்ஸ் பார்த்தேன். எடுத்துரலாமா?

காசு உங்களுடையது. அந்தப் பேக்கேஜில் பெரும்பாலும் இருப்பது இ.சி.ஜி., எக்கோ, டி.எம்.டி., கொழுப்பு, சர்க்கரை, ஒரு டாக்டர் ஆலோசனை. தனித்தனியாக எடுத்தாலும் அந்த விலைக்குப் பக்கத்தில்தான் வரும். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் முதலில் பாருங்கள், சில நூறு ரூபாய்தான். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ சின்ன வயதில் மாரடைப்பு வந்திருந்தால், கால்சியம் ஸ்கோர் பற்றி டாக்டரிடம் கேட்கலாம். பூஜ்யம் வந்தால் நல்ல செய்தி, 100க்கு மேல் என்றால் மாத்திரையைப் பற்றி டாக்டர் பேசுவார், 400க்கு மேல் என்றால் இன்னும் தீவிரமாகப் பார்ப்பார். எந்தத் தொந்தரவும் இல்லாதவர் சி.டி. ஆஞ்சியோ வரை போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பெருந்துறை: ஆறாம் மாசம். குழந்தைக்கு எக்கோ எடுக்கச் சொல்லியிருக்காங்க. பயமா இருக்கு.

பயம் வேண்டாம் கண்ணு, இதுவும் ஒலி அலைதான், குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. 2,000 முதல் 4,000. ஆதாரும் டாக்டர் சீட்டும் கொண்டு போங்கள், சட்டப்படி படிவம் நிரப்பணும். ஆணா பெண்ணா என்று கேட்கக் கூடாது, அவர்களும் சொல்லக் கூடாது.

அந்தியூர்: விலையைக் குறைச்சுக் கேக்கலாமுங்களா? கூச்சமா இருக்கு.

தாராளமாகக் கேளுங்கள். அடைப்பை விரித்து உள்ளே வைக்கும் ஸ்டென்ட்டுக்கு 2017ல் மத்திய அரசு உச்ச விலை வைத்தது. தனியார் ஸ்கேனுக்கு அப்படி எதுவும் இல்லை, அதனால்தான் ஒரே தெருவில் இரண்டு விலை. கவுன்ட்டரில் இருக்கிற பிள்ளைக்கு அதிகாரம் இருக்காது. பில்லிங் இன்சார்ஜ் அல்லது பி.ஆர்.ஓ.வைப் பாருங்கள். "யாரும் அனுப்பலீங்க, நானாத்தான் வந்தேன்" என்று சொல்லிப் பாருங்கள். அனுப்பிய டாக்டருக்குக் கமிஷன் கொடுப்பதும் வாங்குவதும் 2002 மருத்துவ ஒழுக்க விதிகளில் தடை செய்யப்பட்டது. ஆனாலும் அந்தப் பேச்சு ஊரில் ஓய்ந்தபாடில்லை. குறைக்கிற இடமும் உண்டு, "ஒரே ரேட்டுங்க" என்று முகத்தைத் திருப்புகிற இடமும் உண்டு.

எக்கோவுக்காக அந்தியூரிலிருந்து கோவை வரை போகாதீர்கள். கார் வாடகை எக்கோவைத் தாண்டிவிடும், பவானியிலோ ஈரோட்டிலோ எடுத்துக்கொள்ளலாம்.

மேட்டுப்பாளையம்: அப்பிச்சிக்கு (அம்மாவோட அப்பா) போன மாசம்தான் எக்கோ எடுத்தோம். வேற ஆஸ்பத்திரிக்குப் போனா மறுபடியும் எடுக்கணும்ங்கறாங்க.

ரிப்போர்ட் தாளை மட்டும் காட்டியிருப்பீர்கள். டிஸ்க்கில் பதிந்த எக்கோ படத்தையும் சேர்த்து வாங்கி வைத்திருந்தால் பல டாக்டர்கள் அதையே போட்டுப் பார்ப்பார்கள். முதலில் எடுத்த இடத்தில் இப்போது போய்க் கேட்டாலும் சேமித்து வைத்திருந்தால் தருவார்கள், 100, 200 வாங்கலாம். நடுவில் மூச்சு வாங்குவது கூடியிருந்தாலோ கால் வீங்கியிருந்தாலோ மறுபடி எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. அப்போது பழைய ரிப்போர்ட்டில் ஈ.எஃப். என்று இருக்கிற, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்ற சதவீதத்தைப் புதியதோடு ஒப்பிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ஒன்றும் மாறவில்லை என்றால், "இதை வெச்சே பாருங்க டாக்டர்" என்று அப்பிச்சி சார்பில் நீங்களே கேளுங்கள்.